மலை ஆக்கிய நாடு

உலகப் படத்தை விரித்து, பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் உள்ள பிரனீஸ் மலைத்தொடரைத் தேடுங்கள். அந்த மலையின் மடியில் அண்டோரா என்ற தனி நாடு ஒன்று இருக்கிறது. அதன் பரப்பு 468 சதுர கிலோமீட்டர்தான். இமயத்தின் மடியில் பூட்டான் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் லெசோதோ இருக்கிறது. இந்தச் சிறிய மலைநாடுகளுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. மழை எப்போது பெய்ய வேண்டும், ஆறு எந்தப் பக்கம் ஓட வேண்டும், எது விளைய வேண்டும், எந்த விலங்கு வாழ வேண்டும் என்பதையெல்லாம் அங்கே மலைதான் தீர்மானிக்கிறது.

இப்படிப்பட்ட நாடு ஒன்றைப் பார்க்க உங்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. நாகர்கோவிலுக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும்!

கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,672 சதுர கிலோமீட்டர். அண்டோராவைப் போல் மூன்றரை மடங்கு. தனி நாடு இல்லை என்றாலும், தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டங்கள் சேர்ந்த பகுதிக்கு 'நாஞ்சில் நாடு' என்றே பெயர். நாஞ்சில் என்றால் கலப்பை. பல நூற்றாண்டுகள் திருவிதாங்கூர் அரசின் நெற்களஞ்சியமாக இருந்த இந்தப் பூமி, 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழகத்தோடு இணைந்தது. இந்த நாட்டை மலை எப்படி ஆக்கியது என்று பார்ப்போமா?

வடக்கே சுவர், தெற்கே கடல்

மேற்குத் தொடர்ச்சி மலை தபதி ஆற்றின் அருகே தொடங்கிச் சுமார் 1,600 கி.மீ. ஓடி வந்து, இந்த மாவட்டத்தில்தான் முடிகிறது. வழியில் இரண்டு இடங்களில் அது அறுபட்டிருக்கிறது. ஒன்று பாலக்காட்டுக் கணவாய். மற்றொன்று செங்கோட்டைக் கணவாய். செங்கோட்டைக்குத் தெற்கே உள்ள மலைக்கூட்டத்தை அகத்தியமலைப் பகுதி என்கிறோம். இதன் மிக உயர்ந்த சிகரமான அகத்தியமலை 1,868 மீட்டர் உயரம். நாஞ்சில் நாட்டின் எல்லையில் நிற்கும் மகேந்திரகிரி ஏறத்தாழ 1,650 மீட்டர்.

மகேந்திரகிரியின் உச்சியிலிருந்து தெற்கே கடல் சுமார் 30 கி.மீ. தூரந்தான். இந்தக் குறுகிய தூரத்துக்குள் புல்வெளி, மழைக்காடு, கிராம்புத் தோட்டம், ரப்பர்த் தோட்டம், நெல் வயல், தென்னந்தோப்பு, உப்பளம், கடற்கரை எல்லாம் அடுக்கி வைத்ததுபோல் இருக்கின்றன. காலையில் மலையடிவாரத்திலிருந்து சைக்கிளில் புறப்படும் ஒரு மாணவர், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடற்கரை போய்ச் சேர்ந்துவிடலாம்.

பாறையின் வயது

இந்த மலைகள் எந்தப் பாறையால் ஆனவை? நாகர்கோவிலைச் சுற்றியுள்ள குன்றுகளில் பச்சையும் நீலமும் கலந்த கருநிறக் கல்லைக் காணலாம். இதன் பெயர் சார்னோக்கைட். பெயருக்கு ஒரு கதை உண்டு. ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை கல்கத்தாவில் இருக்கிறது. அதன் மேல் பதித்த கல், சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்துக் குன்றிலிருந்து போனது. அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியல் அறிஞர், கல்லறைக்கு உரியவரின் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டார்.

இப்பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்குக் கீழே ஏறத்தாழ 20 கி.மீ. ஆழத்தில் வெந்து இறுகியவை. அங்கே அழுத்தம் எவ்வளவு இருந்திருக்கும்? கணக்குப் போடுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் பாறையின் எடை சுமார் 2.7 கிராம். 20 கி.மீ. என்பது 20 லட்சம் சென்டிமீட்டர். பெருக்கினால் 54 லட்சம் கிராம். அதாவது, உங்கள் விரல் நகம் அளவுள்ள ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல் 5,400 கிலோகிராம் பாரம்! நம்மைச் சுற்றியுள்ள காற்று அதே இடத்தில் தருவது சுமார் 1 கிலோகிராம் பாரந்தான்.

அவ்வளவு ஆழத்தில் இருந்த பாறை மேலே வந்தது எப்படி? மழையும் ஆறும் மேலிருந்த பாறையைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்தன. சரக்கை இறக்க இறக்கப் படகு நீரில் மேலெழும்புகிறது அல்லவா? அதுபோல, பாரம் குறையக் குறைய அடிப்பாறை மெல்ல மேலெழுந்தது.

இதே வயதும் இதே அமைப்பும் உள்ள பாறைகள் இலங்கை, மடகாஸ்கர், அண்டார்க்டிகா ஆகிய இடங்களிலும் இருக்கின்றன. இவையெல்லாம் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒட்டியிருந்தன என்பதற்கு இது ஒரு சான்று. மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்து சுமார் 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

சரி, அரிக்கப்பட்ட பாறை எங்கே போயிற்று? மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனால் விடை கிடைக்கும். அங்கே மணல் கருமையாகவும் சிவப்பாகவும் இருக்கிறது. ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த பாறைத் துகள்களை அலைகள் அங்கே முறத்தில் புடைப்பதுபோல் புடைக்கின்றன. குவார்ட்ஸ் மணலின் ஒப்படர்த்தி 2.65. கார்னெட்டுக்குச் சுமார் 4, இல்மனைட்டுக்குச் சுமார் 4.7, மோனசைட்டுக்குச் சுமார் 5. லேசானதை அலை அடித்துச் செல்ல, கனமானவை கரையில் தங்குகின்றன. மோனசைட்டில் தோரியம் என்ற அணுசக்தித் தனிமம் உண்டு. இந்த மணலின் மதிப்பை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். ஆக, அணு எரிபொருள் ஆகக்கூடிய ஒரு பொருளையும் மலைதான் கடற்கரையில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது.

காற்றைப் பிழியும் மலை

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை ஒன்றே பெருமழை. நாஞ்சில் நாட்டுக்கோ ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழையும் ஏறத்தாழச் சம அளவில் கிடைக்கின்றன. அதனால்தான் இங்கே இரண்டு நெற்போகம். கொல்லம் ஆண்டின் கன்னி மாத அறுவடைக்குக் 'கன்னிப்பூ' என்றும், கும்ப மாத அறுவடைக்குக் 'கும்பப்பூ' என்றும் பெயர். மழைக்காலங்கள் இரண்டையும் உழவர்கள் பயிரின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

மலை எப்படி மழையைத் தருகிறது? அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றுக்கு முன்னால் சுவர்போல் மலை நிற்கிறது. காற்று மேலே ஏறியே ஆக வேண்டும். மேலே அழுத்தம் குறைவு, ஆகவே காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. உலர்ந்த காற்று கிலோமீட்டருக்கு 10 டிகிரி குளிரும். ஆனால் நீராவி மேகமாகத் தொடங்கிவிட்டால், அது தன் உள்ளுறை வெப்பத்தை, அதாவது கிராமுக்குச் சுமார் 580 கலோரியைக், காற்றுக்கே திருப்பித் தருகிறது. அதனால் ஈரக்காற்று கிலோமீட்டருக்கு 5 டிகிரி அளவே குளிர்கிறது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மேற்கு அடிவாரத்தில் காற்றின் வெப்பநிலை 30 டிகிரி. அது 1,500 மீட்டர் ஏறுகிறது. முதல் 500 மீட்டரில் மேகம் இல்லை. 5 டிகிரி குறைந்து 25 ஆகிறது. அடுத்த 1,000 மீட்டரில் மேகம் திரண்டு மழை கொட்டுகிறது. இன்னும் 5 டிகிரி குறைந்து 20 ஆகிறது. இப்போது காற்று சிகரத்தைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. நீரை இழந்துவிட்டதால், இறங்கும்போது கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறுகிறது. 1,500 மீட்டருக்கு 15 டிகிரி. கிழக்கு அடிவாரத்துக்கு வரும்போது அதன் வெப்பநிலை 35 டிகிரி!

மலை ஏறி இறங்கிய காற்று 5 டிகிரி சூடாகிவிட்டது. இதற்கு எவ்வளவு நீர் மழையாக விழுந்திருக்க வேண்டும்? ஒரு கிலோகிராம் காற்றை 5 டிகிரி சூடாக்க 1000 × 0.24 × 5 = 1,200 கலோரி தேவை. அதை 580-ஆல் வகுத்தால், சுமார் 2 கிராம். ஒரு கிலோகிராம் காற்றிலிருந்து வெறும் 2 கிராம் நீரைப் பிழிந்ததால் வந்த வேறுபாடு இது. ஜூலை மாதத்தில் பேச்சிப்பாறைக் காடு நனைந்துகொண்டிருக்க, மலைக்கு அப்பால் பணகுடியும் ராதாபுரமும் புழுதிக் காற்றில் காய்வதற்குக் காரணம் இதுவே.

கணவாயின் வழியே

சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. அதுதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். தோட்டத்து ரப்பர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் வேகமாகப் பீச்சுகிறது அல்லவா? அகலமான வழியில் வரும் காற்று குறுகிய வழியில் புகும்போதும் அப்படித்தான் வேகம் கூடுகிறது.

காற்றாலைக்கு வேகமே உயிர். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் திறன் இரு மடங்காவதில்லை. 2 × 2 × 2, அதாவது எட்டு மடங்காகிறது. அதனால்தான் கணவாயின் வாயில் உள்ள முப்பந்தலைச் சுற்றி 1980-களின் பிற்பகுதியிலிருந்து காற்றாலைகள் பெருகின. இன்று இப்பகுதியின் திறன் சுமார் 1,500 மெகாவாட். இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைக் களங்களுள் இது ஒன்று.

காற்று நுழையும் வழியே படைகளும் நுழைந்தன. திருவிதாங்கூர் மன்னர்கள் இந்தக் கணவாயில் கோட்டைச் சுவர் கட்டிக் காவல் வைத்தார்கள். 1809-இல் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியை அடக்க வந்த ஆங்கிலேயப் படை, இந்தக் காவலை உடைத்தே உள்ளே புகுந்தது.

அணையும் மறுகாலும்

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1 கோடி லிட்டர் நீர் சேரும். மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காடு. அந்த நீரெல்லாம் ஒரே நாளில் கீழே ஓடினால் வெள்ளம். மெதுவாக இறங்கினால் விவசாயம். காட்டின் இலைச்சருகும் வேரும் நிறைந்த மண், பஞ்சுபோல் நீரைக் குடித்துக்கொண்டு, நாட்கணக்காக, வாரக்கணக்காகக் கசியவிடுகிறது. மலையிலிருக்கும் காடுதான் நாஞ்சில் நாட்டின் முதல் அணை.

இரண்டாவது அணைகளை மனிதர்கள் கட்டினார்கள். பரளியாற்று நீரைத் திருப்பிப் பழையாற்றில் சேர்க்கும் பாண்டியன் கால்வாய், பழங்காலத்தில் பாண்டியர் வெட்டியது என்பது வழிவழியாக வரும் செய்தி. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. அதைக் கட்டியவர் மிஞ்சின் என்ற பொறியாளர். பரளியாற்றில் பெருஞ்சாணி அணை 1953-இல் வந்தது. 1966-இல் எழுந்த மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பாருங்கள். பள்ளத்தாக்குக்கு மேலே 28 தூண்கள். உயரம் 115 அடி. அதன் மேல் ஒரு வாய்க்கால்! பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. சிறிய சரிவு ஒன்றே நீரை அக்கரைக்கு இழுத்துச் செல்கிறது. மழை மறைவில் காயும் ராதாபுரம் பகுதிக்கும் கோதையாற்று நீர் கால்வாய் வழியே போகிறது. மலை மறித்த மழையை மனிதர் மலையைச் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

மூன்றாவது அணைகள் குளங்கள். மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும்; அது நிறைந்தால் அதற்கடுத்த குளம். இப்படிக் கடைசியில் மணக்குடிக் காயலில் பழையாறு கடலைச் சேர்கிறது.

கல்லில் கைவைத்த தச்சர்களையும் மறக்கக் கூடாது. சிதறால் குன்றில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்கள் பாறையிலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன. சுசீந்திரம் கோவிலில் ஒரே கல்லில் கொத்தாகச் செதுக்கிய சிறு தூண்கள் உண்டு. தட்டினால் வெவ்வேறு சுருதி தரும். ஒரே கல் எப்படி வெவ்வேறு ஒலி தருகிறது? வீணைத் தந்தியைப் போலவே, தூணின் நீளமும் தடிமனும் மாறினால் அதிர்வெண் மாறும். கல்லுக்குள் வெடிப்பும் ஓட்டையும் இருந்தால் நாதம் எழாது. நெருக்கமாக இறுகிய கல்லைத் தட்டிப் பார்த்தே தேர்ந்தெடுக்கும் செவி அந்தச் சிற்பிகளுக்கு இருந்தது.

மலைத்தீவின் குடிகள்

செங்கோட்டைக் கணவாயால் வடக்கேயும், கடலாலும் சமவெளியாலும் மற்ற பக்கங்களிலும் பிரிக்கப்பட்டதால், இந்த மலைக்கூட்டம் விலங்குகளுக்கு ஒரு தீவு போன்றது. உச்சியில் செங்குத்தான பாறைகளில் வரையாடு வாழ்கிறது. வரை என்றால் மலை. உலகில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே உள்ள இந்த விலங்கு நம் மாநில விலங்கு. 2024-இல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் இருந்தவை 1,031. உருவத்தில் இமயமலை வரையாட்டைப் போல இருந்தாலும், இதற்கு மிக நெருங்கிய உறவு செம்மறி இனமே என்று மரபணு ஆராய்ச்சி 2005-இல் காட்டியது.

கீழே சோலைக் காட்டில் சிங்கவால் குரங்கு, காட்டெருமை, கடமான், கரடி, புலி, யானை எல்லாம் உண்டு. அரிக்கொம்பன் என்ற யானை நினைவிருக்கிறதா? 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடிக்கப்பட்ட அதை மேல்கோதையாறு, முத்துக்குழிவயல் பகுதிக் காட்டில்தான் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு பெரிய ஆண் யானைக்குத் தேவையான நீரும் புல்லும் அமைதியும் இன்னும் இங்கே இருப்பதாக நம்பியே இந்த இடத்தைத் தேர்ந்தார்கள்.

கோண்டுவானாவின் உயிருள்ள சாட்சி ஒன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. செங்கோட்டைக்கு வடக்கே இடுக்கி மலையில் கிடைத்த ஊதாத் தவளையை 2003-இல் விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தார்கள். அதன் நெருங்கிய உறவினர்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? கடலுக்கு அப்பால், செய்ஷல்ஸ் தீவுகளில்! தவளை கடலை நீந்தவில்லை. நிலம் பிரிந்து நகர்ந்தது.

காட்டில் வாழும் காணிக்கார மக்களின் அறிவும் இந்த மலையின் செல்வமே. 1987-இல் அகத்தியமலையில் ஆய்வுக்குச் சென்ற விஞ்ஞானிகள், வழிகாட்டிய காணிகள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஒரு மருந்து உருவானபோது, கிடைத்த பணத்தில் பாதி காணி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. உலகில் இத்தகைய ஏற்பாடுகளுக்கு இது ஒரு முன்னோடி.

மலையடி விட்டுக் குளங்களுக்கு வருவோம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த தேரூரின் குளத்துக்கும் பக்கத்துச் சுசீந்திரம் குளத்துக்கும் குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து பறவைகள் வருகின்றன. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் அங்கே ஒன்றாக மேய்வதைக் காணலாம். 2022-இல் சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் பெற்றன.

சங்கிலியின் கண்ணிகள்

இப்போது எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வையுங்கள். கடற்காற்று, மலை, மழை, காடு, ஆறு, அணை, குளம், வயல், பறவை, மீண்டும் கடல். இதில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும்?

அறுந்துகொண்டுதான் இருக்கிறது. நெல் வயல்களில் பல, வாழையாகவும் தென்னையாகவும் மாறின; பிறகு வீட்டு மனைகளாயின. நெல் கட்டுபடியாகாத உழவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் வயல் போனால் குளத்துக்கு வேலை இல்லை. வேலையில்லாத குளத்தைத் தூர் வார ஆள் இல்லை. தூர்ந்த குளம் மண் போட்டு நிரப்பப்படுகிறது. நாற்கரச் சாலையும் சில குளங்களின் குறுக்கே வந்தது. 2021 நவம்பரில் பெருமழை பெய்தபோது, தங்க இடமில்லாத நீர் தெருக்களிலும் வீடுகளிலும் வந்து தங்கியது. மலைப்பக்கம் பாருங்கள்: இறுகுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்த குன்றுகளை வெடி வைத்து லாரியில் ஏற்றுகிறார்கள். உடைத்த மலையை மறுபடி வளர்க்க எந்த விஞ்ஞானத்தாலும் முடியாது.

மற்ற மலைநாடுகள் என்ன செய்கின்றன? பூட்டான் 2008-இல் இயற்றிய தன் அரசியலமைப்புச் சட்டத்தில், நாட்டின் நிலப்பரப்பில் 60 சதவிகிதம் என்றென்றும் காடாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. பூட்டான் இந்தியாவுக்கு விற்கும் மின்சாரம் மலை ஆறுகளிலிருந்து கிடைப்பது. காடு போனால் ஆறும் வருமானமும் போகும் என்று அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும்.

நீங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவை வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு அதில் சேர்ந்த மழைநீரின் உயரத்தை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். அளந்ததும் நீரைக் கொட்டிவிடுங்கள். பக்கத்திலுள்ள அணையின் நீர்மட்டத்தைத் தினசரிப் பத்திரிகையிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறையோ, பாபநாசமோ, வைகையோ, மேட்டூரோ, உங்களுக்கு எது அருகிலோ அது. பருவமழை முடியும்வரை இரண்டையும் ஒரே வரைபடத் தாளில் வரையுங்கள்.

மழை நின்ற பிறகும் சில நாட்கள் அணையின் மட்டம் ஏறிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். அந்த நாட்களை எண்ணுங்கள். மலை நீரைத் தாங்கி வைத்திருந்து கொடுத்த நாட்கள் அவை. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் எண்ணி, கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள்.